பட்டையின் அகலம் எதைச் சொல்கிறது?

ஒரு நாட்டின் இருநூறு வருடச் சக்தி வரலாற்றை ஒரே திரையில் ஓடவிட்டுக் காட்ட முடியுமா? சிக்காகோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு மூவர் சேர்ந்து காட்டியிருக்கிறார்கள். ரொபர்ட் சூட்ஸ் வரலாற்று ஆய்வாளர். எலிசபெத் மோயர் வளிமண்டல விஞ்ஞானி. நேத்தன் மெட்டிசன் வடிவமைப்பாளர். 2020இல் வெளிவந்த அவர்களுடைய ஆக்கத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் சக்தி மாற்றங்கள், 1800–2019' என்று வரும். திரையின் ஒரு பக்கத்தில் சக்தி மூலங்கள்: விறகு, நிலக்கரி, பெற்றோலியம், இயற்கை வாயு, நீர்வலு, அணு. மறுபக்கத்தில் அவை போய்ச் சேரும் இடங்கள்: வீடு, விவசாயம், கைத்தொழில், போக்குவரத்து. இரண்டையும் இணைத்து நிறம் நிறமாய்ப் பட்டைகள் ஓடுகின்றன. பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு சக்தி. ஆண்டை நகர்த்த நகர்த்த ஒரு பட்டை வீங்குகிறது, இன்னொன்று மெலிகிறது, முன்பு இல்லாத ஒன்று நூலாக முளைக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகுதான். அட்டவணையாகத் தந்தால் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவோம். இதைச் சின்னப் பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கும். ஆனால் நாம் ஒரு நாவலையோ வரலாற்று நூலையோ விமர்சிக்கும்போது கேட்கும் கேள்விகளை இப்படியான படங்களிடம் கேட்பதில்லை. யார் சொல்கிறார், எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார், எதை விட்டுவிட்டார் என்று ஒரு கதைசொல்லியிடம் கேட்போம். படத்திடம் கேட்பதில்லை, ஏனென்றால் அது 'தரவு'. இந்த மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

பட்டையால் கதை சொல்லும் இந்த முறைக்குப் பெயர் சாங்கி வரைபடம். அயர்லாந்தில் பிறந்த கப்டன் சாங்கி என்ற பொறியியலாளர் 1898இல் ஒரு நீராவி இயந்திரத்தின் வெப்பக் கணக்கை இப்படி வரைந்தார். கொதிகலனுக்குள் போகும் வெப்பம் அகலமான பட்டையாகப் புறப்பட்டு, வழிநெடுக இழப்புகளாகக் கிளை பிரிந்து, கடைசியில் வேலையாக மாறும்போது மெலிந்துபோகிறது. ஆக, இந்தப் படம் பிறந்ததே ஓர் இயந்திரத்தை அளக்கத்தான். ஓர் இயந்திரத்தின் கணக்கு சுத்தமானது. உள்ளே போனதை நிறுக்கலாம், வெளியே வந்ததை அளக்கலாம். கலிபோர்னியாவின் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடம் 1970களிலிருந்து முழு அமெரிக்காவையும் இப்படி வரைந்து வருகிறது. அதாவது ஒரு நாட்டை ஒரு கொதிகலனைப் போல வரைகிறது. சிக்காகோக்காரர்கள் அந்தக் கொதிகலனை 1800 வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடினமான வேலை அது. கடினம் எங்கே இருக்கிறதென்று பார்த்தால்தான் அதன் பெறுமதியும் புரியும்.

விறகை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவை எரித்து ஓட்டியது விறகுதான். அதை யார் நிறுத்தார்? தன் வளவு மரத்தைத் தானே வெட்டித் தன் அடுப்பில் வைத்தவனிடம் பற்றுச்சீட்டு இல்லை. என் உம்மம்மா வீட்டுக் கோடியில் அடுக்கி வைத்திருந்த விறகை எந்தக் கந்தோரும் எண்ணியதில்லை; அதே கதைதான். அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ரேனல்ட்ஸ், பியர்சன் என்ற இருவர். விவசாயத் திணைக்களத்தின் 641ஆம் இலக்கச் சுற்றறிக்கையாக, 1630 முதல் 1930 வரை நாட்டில் எரிந்த விறகின் அளவை மதிப்பிட்டு 1942இல் வெளியிட்டார்கள். முந்நூறு வருட அடுப்புகளை, அவை அணைந்தபிறகு, மேசையில் இருந்துகொண்டு மதிப்பிட்ட கணக்கு. அமெரிக்காவின் சக்தித் தகவல் நிருவாகம் தன் பழைய வரலாற்று அட்டவணையில், 1635இலிருந்து, விறகுக்கு ஆதாரமாக வைத்திருப்பது இதைத்தான்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த இருவரும் இல்லாவிட்டால் விறகின் வரலாறே இல்லை. என் கேள்வி வரைபவர்களிடம். 1850இன் விறகுப் பட்டையும் 2019இன் இயற்கை வாயுப் பட்டையும் திரையில் ஒரேமாதிரிக் கூர்மையான விளிம்போடு வருகின்றன. ஒன்று மீற்றர் வைத்து அளந்தது, மற்றது யோசித்துச் சொன்னது. பழைய கடல் வரைபடக்காரன் போய்ப் பார்க்காத கரையைப் புள்ளிக்கோடாக விடுவான். அந்த நாணயம் நம் காலத்துத் திரைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்று. அந்த அரசாங்க அட்டவணை 1845 வரை பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் பேசுகிறது. 1850 தொடக்கம் 1945 வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. இந்த எண்களை மட்டும் வைத்து யாராவது ஒரு படத்தை ஓடவிட்டால், நடுவிலுள்ள வருடங்களைக் கணினிதான் இழைத்து நிரப்பும். 1860ஐயும் 1865ஐயும் ஒரு வழுவழுப்பான கோட்டால் இணைத்துவிடும். அந்த ஐந்து வருடங்களுக்கு நடுவேதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் முழுவதும் கிடக்கிறது! பட்டை ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் போரைக் கடந்து போய்விடும். ஓட்டம் என்பதே இங்கே ஒரு கூற்று. 'எல்லாம் மெதுவாக, இயல்பாக மாறியது' என்ற கூற்று.

அடுத்தது, தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. சிக்காகோப் படம் நாட்டின் மொத்தச் சக்தியைக் காட்டவில்லை, ஓர் ஆளுக்கு எத்தனை வொட் என்று காட்டுகிறது. அதற்கு நல்ல காரணம் உண்டு. 1860இல் 3.14 கோடிப் பேர், 2019இல் ஏறக்குறைய 32.8 கோடிப் பேர். மொத்தத்தை வரைந்தால் 1800ஆம் ஆண்டு திரையில் ஒரு மயிரிழையாகத்தான் தெரியும். தலைக்கு என்று போட்டால் ஒரு மனிதனின் வாழ்க்கை எப்படி மாறியது என்பது தெரிகிறது. அரசாங்க அட்டவணையை வைத்து நான் போட்ட கணக்கில், 1860இல் விறகும் நிலக்கரியும் சேர்ந்து ஓர் ஆளுக்குச் சுமார் 3,350 வொட் வருகிறது. 2019இல் எல்லாம் சேர்ந்து 10,000 வொட்டுக்குச் சற்று மேல். இருநூறு வருடப் புரட்சி என்று நாம் கேள்விப்பட்டதெல்லாம் தலைக்கு மூன்று மடங்குதானா என்று வியப்பு வரும். அந்த வியப்பை உண்டாக்கியதற்கே இந்த ஆக்கத்துக்கு நன்றி சொல்லலாம். திறந்த கணப்படுப்பில் மரத்தை மரமாகப் போட்டு எரித்து, வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிய சமூகம் அது. சக்தி நிறையச் செலவானது; வசதி கொஞ்சம்தான் கிடைத்தது.

ஆனால் இதே கணக்கு மறைப்பதையும் பாருங்களேன். விறகுப் பட்டை 1860இல் தலைக்கு 2,800 வொட். 2019இல் 250 வொட்கூட இல்லை. பார்ப்பவர், 'அப்ப விறகின் காலம் முடிஞ்சு போச்சு' எண்டுதான் நினைப்பார். மொத்தத்தைப் பார்த்தால் கதை வேறு. அமெரிக்கர்கள் 'குவாட்' என்றொரு அலகு வைத்திருக்கிறார்கள். ஒரு குவாட் என்பது சுமார் 3.6 கோடித் தொன் நிலக்கரியின் வெப்பம். 1860இல் எரிந்த விறகு 2.6 குவாட். 2019இல் எரிந்த மரமும் மரக்கழிவும் 2.3 குவாட் அளவில். முடிந்துபோனதாக நினைத்த விறகு கிட்டத்தட்ட அதே அளவில் இன்னும் எரிகிறது. காகித ஆலைகளிலும் மர ஆலைகளிலும், வீடுகளிலும்கூட.

நிலக்கரி இன்னும் மோசம். 1920இல் தலைக்கு 4,900 வொட் அளவில் இருந்த நிலக்கரி 2005இல் 2,600க்கு இறங்குகிறது. படத்தில் பட்டை பாதியாகிவிடும். பார்ப்பவர் மனதில் நிலக்கரி யுகம் 1920களோடு சாயத் தொடங்கிவிடும். மொத்தக் கணக்கில் 1920இல் எரிந்தது 15.5 குவாட், 2005இல் எரிந்தது 22.8 குவாட். வானத்துக்குத் தலைக்கணக்கு தெரியாது. அதற்கு மொத்தப் புகைதான் தெரியும். விறகு போய் நிலக்கரி வந்தது, நிலக்கரி போய் எண்ணெய் வந்தது என்ற 'மாற்றம்' கதையே தவறு, ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் வந்திருக்கிறது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜோன் பப்டிஸ்ட் ஃபிரெசோ 2024இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அவர் சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. 1885இல் அமெரிக்காவில் நிலக்கரி விறகை முந்தியது என்பதும் 1950இல் பெற்றோலியம் நிலக்கரியை முந்தியது என்பதும் உண்மையான திருப்பங்கள்தான். என்றாலும், 'மாற்றங்கள்' என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டு தலைக்கணக்கை மட்டும் காட்டினால், தலைப்புக்குச் சாதகமான அளவுகோலைத் தெரிவு செய்ததாக ஆகிவிடும். மொத்தத்துக்கும் தலைக்கும் மாறிப் பார்க்க ஒரு பொத்தான் போதும். அச்சில் முடியாது, திரையில் முடியும்.

அளவுகோல் தானே மாறும் விசித்திரமும் உண்டு. நீர்வீழ்ச்சிக்கு எரிபொருள் இல்லை. அதிலிருந்து வரும் மின்சாரத்தை மூலச் சக்தியாக எப்படி எழுதுவது? அதே மின்சாரத்தை நிலக்கரியால் எடுத்திருந்தால் எவ்வளவு எரிந்திருக்கும் என்று எழுதுவது ஒரு வழி. கிடைத்த மின்சாரத்தை அப்படியே எழுதுவது இன்னொரு வழி. அமெரிக்க நிருவாகம் நெடுங்காலம் முதல் வழியில் எழுதி, 2023இல் இரண்டாவதுக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு நீர், காற்று, சூரியன் மூன்றின் பட்டைகளும் பழைய வருடங்கள் உட்பட மெலிந்துவிட்டன. ஒரு அணையும் உடையவில்லை, ஒரு சூரியத் தகடும் கழற்றப்படவில்லை. லிவர்மோர் படத்திலும் இப்படித்தான். 2019இல் அமெரிக்கா பாவித்த 100.2 குவாட்டில் 67.5 குவாட் வீணாகிறது என்று அந்தப் படம் ஒரு பெரிய சாம்பல்நிறப் பட்டையைக் காட்டுகிறது. ஊரெல்லாம் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வீண் அளந்த வீண் அல்ல. வீட்டில் 65 சதவீதம் பயனாகும், போக்குவரத்தில் 21 சதவீதம் என்று துறைக்கொரு எண்ணை வைத்துப் பெருக்கியது. கைத்தொழிலுக்கு முன்பு 80 சதவீதம் என்று வைத்திருந்தார்கள், 2017இல் 49 ஆக்கினார்கள். தொழிற்சாலைகள் ஓர் இரவில் கெட்டுப்போகவில்லை. அடிக்குறிப்பில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்?

இனி, கணக்கிலேயே வராதவர்கள். அரசாங்கத்தின் பழைய அட்டவணையில் நிலக்கரிக்கு இடம் உண்டு, விறகுக்கு இடம் உண்டு, தசைக்கு இடமில்லை. குதிரைக்கே இல்லை. 1910களின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவற்றின் தீனிக்கே போயிற்று. அந்தத் தீனி சக்தியாக எழுதப்படவில்லை. உழவு இயந்திரம் வந்து குடித்த எண்ணெய் எழுதப்பட்டது. ஒரே வயல், ஒரே உழவு. குதிரை போய் இயந்திரம் வந்ததும் படத்தில் சக்தி 'கூடிவிட்டது' என்று வரும்.

குதிரையைச் சேர்ப்பது தீனிக் கணக்கால் முடியும். மனிதனை? 1860 குடிசனமதிப்பின்படி அமெரிக்காவில் ஏறக்குறைய 39.5 இலட்சம் பேர் அடிமைகள். நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருளான பருத்தியைப் பயிரிட்டதும் பறித்ததும் அவர்களுடைய உடல்கள். சரி, அவர்களையும் பட்டையாக்கிப் பார்ப்போம் என்று ஒரு கணக்குப் போட்டேன். கடுமையாக உழைக்கும் ஒருவர் நாளுக்கு 3,000 கிலோகலோரி உண்கிறார் என்று வைத்தால் அது சுமார் 145 வொட். பிள்ளைகள், முதியவர்கள் என்று பாராமல் 39.5 இலட்சத்தால் பெருக்கி, நாட்டுச் சனத்தொகையால் பிரித்தால் தலைக்கு 18 வொட் வருகிறது. விறகுப் பட்டை திரையில் பத்து சென்ரிமீற்றர் அகலமென்றால், நாற்பது இலட்சம் அடிமைகளின் பட்டை அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். கண்ணுக்கே தெரியாது.

ஆகவே 'அடிமை உழைப்பைச் சேர்க்கவில்லையே' என்று வரைந்தவர்களோடு சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. சேர்த்தாலும் தெரியாது. பிரச்சினை அதைவிட ஆழமானது. வெப்பத்தை அளவுகோலாக வைத்த கணமே ஒரு கணப்படுப்பு நாற்பது மனித உடல்களை விழுங்கிவிடும். புகைபோக்கி வழியே வீணாகப் போன வெப்பம் அகலமான பட்டை. ஒரு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய கைகள் ஒரு நூல். அகலம் சக்தியின் அளவைச் சொல்கிறது. எது இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்பதைச் சொல்வதில்லை. பார்ப்பவரின் கண்ணோ இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது; பெரியதே முக்கியமானது என்று கண்ணுக்கு ஒரு பழக்கம்.

பட்டைக்கு மனிதர்களைக் காட்டத் தெரியாது என்றில்லை. சாங்கிக்கு முன்பே, 1869இல், பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ள்ஸ் மினார்ட் நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பை ஒரு பட்டையாக வரைந்தார். அதில் ஒரு மில்லிமீற்றர் என்பது பத்தாயிரம் சிப்பாய்கள். 422,000 பேராகப் புறப்பட்ட பட்டை, மொஸ்கோ போய்த் திரும்பி வரும்போது 10,000 பேர் கொண்ட ஒரு கோடாகிவிடுகிறது. அதே மினார்ட் ஐரோப்பாவுக்குப் போன பருத்தியையும் வரைந்தார். 1858இல் அமெரிக்காவிலிருந்து வரும் பட்டை கடலையே மூடுகிறது. உள்நாட்டுப் போர்க்காலமான 1864இல் அது சுருங்கி, இந்தியாவிலிருந்து வரும் பட்டை வீங்குகிறது. அடிமைகளின் கைவேலைக்கு அந்தப் படத்தில் அகலம் இருக்கிறது, வெப்பமாக அல்ல, பருத்தியாக. அமெரிக்காவிலேயும் 1861இல் கரையோர அளவைத் திணைக்களத்தின் ஹெர்கெஸ்ஹைமர், குடிசனமதிப்பை வைத்துத் தென் மாநிலங்களின் ஒவ்வொரு மாவட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்று நிழலடித்துக் காட்டும் வரைபடத்தைச் செய்தார். ஜனாதிபதி லிங்கன் அடிக்கடி பார்த்த படம் அது. தரவு இருந்தது. வரையும் கலையும் இருந்தது. சக்தி என்ற சொல்லுக்குக் கீழே அவர்களை வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஊடாட்டம் என்பதற்கு இப்போது கிடைக்கும் பொருள் ஆண்டுக்கோட்டை இழுப்பது, ஓடவிடுவது, விரல் வைத்தால் ஓர் எண் எழும்புவது. இது புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதைவிடப் பெரிய காரியம் இல்லை. எனக்கு வேண்டியது வேறு. 1850இன் விறகில் விரல் வைத்தால், 'இது 1942இல் செய்த மதிப்பீடு' என்று வரவேண்டும். நீர்மின்னில் விரல் வைத்தால் இரண்டு கணக்குமுறையிலும் அகலம் எவ்வளவு என்று தெரியவேண்டும். பருத்தி மாநிலங்களுக்கு வெப்பப் பட்டைக்குப் பக்கத்திலேயே ஆட்களின் பட்டையும் வரவேண்டும். இரண்டு அளவுகோல், இரண்டு படம், ஒரே திரை. சிக்காகோக் குழுவினர் தங்கள் ஆதாரங்களைத் தனி ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் அதையும் செய்வதில்லை, அதனால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் படம் ஒரு கதவு, கட்டுரை வேறொரு தெருவில் உள்ள கதவு. படத்தைப் பார்த்தவர் அந்தத் தெருவுக்குப் போவதில்லை.

நம் நாட்டுக்கும் யாராவது இப்படியொரு படம் செய்யக்கூடும், செய்யவும் வேண்டும். மூலப்பொருள் இல்லாமல் இல்லை. நிலைபேறான சக்தி அதிகார சபை ஆண்டுதோறும் வெளியிடும் சக்திச் சமநிலைக் கணக்கில் பெற்றோலியத்தோடும் நிலக்கரியோடும் உயிர்த்திணிவும் ஒரு பெரிய வரியாக நிற்கிறது. வீட்டு அடுப்பு விறகும் தேயிலைத் தொழிற்சாலை விறகும் அதற்குள் அடங்கும். தொழிற்சாலை விறகு லொறியில் வருகிறது, கணக்கு வைக்கலாம். வளவில் பொறுக்கிய ஓலைமட்டை, பன்னாடை, சிரட்டைக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? படத்தை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பதும் ஒரு தீர்மானம். லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1950இலிருந்து தொடங்கினால் அது பொறியியலாளர்களின் கதையாக விரியும். அதற்கு முன்னால், கோப்பித் தோட்டங்களுக்குப் பாதை வெட்டிய காலத்திலிருந்து தொடங்கினால், தலையில் சுமந்து மலையேறிய ஆட்களுக்கு எந்த அலகில் அகலம் கொடுப்பது என்று முதல் திரையிலேயே முடிவெடுக்க வேண்டி வரும்.